கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு குளம்

நமது இளைய பெண் ஒரு நாள் மாலை இரண்டு தங்கமீன்களுடன் வீடு வந்து சேர்ந்தாள். கூடவே ஓர் உருண்டைக் கண்ணாடிக் குடுவை, ஒரு பிடி வர்ணக் கூழாங்கல், பச்சைப் பசேலென்று ஒரு பிளாஸ்டிக் செடி. எல்லாவற்றையும் சேர்த்தே கடைக்காரர் கட்டிக் கொடுத்தாராம். ஐந்தாம் நாள் காலை ஒரு மீன் வயிற்றை மேலே காட்டி மிதந்தது. ஏழாம் நாள் மற்றதும் அதன் வழியே சென்றது. "தினமும் தவறாமல் சாப்பாடு போட்டேனே, அப்பா!" என்று குழந்தை விசித்து விசித்து அழுதாள். அவள் சொன்னது முற்றும் உண்மை. மீன்களுக்கு யமனாக வந்ததும் அந்தச் சாப்பாடுதான் என்பதை எப்படிச் சொல்வது? இருபது வருஷமாகப் பாடம் சொல்லிக்கொடுத்து வரும் நமக்கே அப்போது வாய் எழவில்லை.

மீனின் கழிவும், அது தின்னாமல் விட்ட இரையும் தண்ணீரில் அழுகி அம்மோனியாவாகின்றன. அது மீனுக்குக் கொடிய விஷம். குளத்திலே இதற்கு வழி உண்டு. மண்ணிலும் கல்லிலும் படிந்திருக்கும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நீர்ச்செடிகளோ அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் எருவாக உறிஞ்சிக்கொண்டு வளர்கின்றன. புதுக் குடுவையில் அந்த நுண்ணுயிர்களும் இல்லை, செடியும் இல்லை. பிளாஸ்டிக் செடி இருந்ததே என்றால், கல்யாணப் பந்தலில் காகித வாழைமரம் கட்டிவிட்டு வாழைப்பழத்துக்குக் காத்திருந்த கதைதான்.

இந்த ரகசியத்தைத் தொட்டி வைத்தே சோதித்துப் பார்த்தவர் லண்டனில் இருந்த ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன சாஸ்திரி. 12 காலன் கொள்ளும் பாத்திரத்தில் பாதியளவு நீர் விட்டு, மணலும் கல்லும் இட்டு, வாலிஸ்நேரியா என்னும் நீண்ட இலை நீர்ச்செடியை நட்டு, இரண்டு சிறு தங்கமீன்களை விட்டார். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொண்டு பிராணவாயுவைத் தரும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் செடியின் முதிர்ந்த இலைகள் அழுகி நீரைக் கலக்கிவிட்டன. மனிதர் சளைக்கவில்லை. குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலைத் தின்று தீர்த்தன, நீர் தெளிந்தது. 1850-ல் இதை அவர் வெளியிட்டார்.

குடுவையைப் பரணில் ஏற்றிவிட்டு, 2 அடி நீளமும் 1 அடி அகலமும் 1 அடி உயரமும் உள்ள தொட்டி ஒன்று வாங்கினோம். ஏறக்குறைய 55 லிட்டர். வாரிங்டனின் பாத்திரமும் இவ்வளவு கொள்வதுதான். அலசிய ஆற்று மணலை இரண்டு அங்குலம் பரப்பி, வாலிஸ்நேரியாவை வரிசையாக நட்டோம். வேர் மட்டுமே மணலுக்குள் போகவேண்டும். இலைகள் கிளம்பும் குருத்து வெளியே இருக்கவேண்டும். குருத்தைப் புதைத்தால் அழுகிவிடும். ஜாவா மாஸ் என்னும் பாசியை நடவே வேண்டாம். அதற்கு உண்மையான வேர் கிடையாது. ஒரு கல்லின்மேல் மெல்லியதாகப் பரப்பிப் பருத்தி நூலால் சுற்றிவிட்டால் மெதுவாகக் கல்லைப் பற்றிக்கொள்ளும். வெளிச்சமும் அதிகம் கேட்காது. சோம்பேறிகளுக்கென்றே பகவான் படைத்த பாசி என்று நமக்குத் தோன்றுகிறது.

பத்தே நாளில் வாலிஸ்நேரியாவின் இலைகள் பழுத்துக் கரையத் தொடங்கின. பிடுங்கி எறியக் கை நீட்டியவர் நாம்தான். "குருத்து பச்சையாக இருக்கிறதே, அப்பா" என்று தடுத்தவள் குழந்தை. இடம் மாறிய செடி பழைய இலைகளை உதிர்த்துவிட்டுப் புதிய நீருக்கேற்ற இலைகளை விடுவது வழக்கமாம். அப்படியே விட்டது. விளக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம் போதும். ஜன்னல் வெயில் நேரே விழுந்தாலோ, கண்ணாடியெல்லாம் பச்சை வழும்பு ஏறிவிடும்.

மீன் இல்லாமலே ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தோம். "ஏண்டா, மீனே இல்லாத தொட்டிக்கு விளக்குப் போட்டு உட்கார்ந்து பார்க்கிறாயே, உனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை ஒன்றும் கிடையாதா?" என்று நமது தாயார் கேட்டது நியாயந்தான். ஆனால் கல்லிலும் மணலிலும் நுண்ணுயிர் குடியேற அவகாசம் வேண்டுமே!

இந்தத் தடவை தங்கமீன் வேண்டாம் என்று தீர்மானித்தோம். நன்றாக வளர்ந்தால் ஒரு சாண் நீளம் வரக்கூடிய மீன் அது. இளஞ்செடிகளைக் கடித்தும் போடும். சென்னையில் கொளத்தூர்ப் பக்கம் போனால் வர்ண மீன்கள் தெருத்தெருவாக விற்கின்றன. ஆசைக்கு அளவே இராது. நான்கே நான்கு கப்பி மீன்களுடன் திரும்பினோம். செடி இருக்கிறதே என்று தொட்டியை நிரப்புவது பெரும் பிசகு. பகலில் பிராணவாயு தரும் செடி, இருட்டில் தானும் அதையே சுவாசிக்கிறது. கூட்டம் மிகுந்த தொட்டியில் விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது இதனால்தான்.

இரை, நாளுக்கு ஒரு முறை, இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கும் அளவு. வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றுகிறோம். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை முதல் நாளே வாளியில் பிடித்துத் திறந்து வைத்துவிடுவோம். கத்தரித்த செடிகளை ஏரியிலோ வாய்க்காலிலோ எறிவதில்லை. தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த வெங்காயத்தாமரை நம் நீர்நிலைகளை அடைத்துக்கொண்டிருப்பது எல்லோரும் அறிந்ததே.

சென்ற ஞாயிறன்று குழந்தை தொட்டியண்டை உட்கார்ந்து கூச்சலிட்டாள். கப்பி முட்டையிடுவதில்லை, குஞ்சாகவே ஈனும், ஈன்றதைத் தானே விழுங்கவும் தயங்காது. பாசிக்குள்ளே, கடுகில் கண் வைத்ததுபோல், குஞ்சுகள் ஒளிந்திருந்தன. காலையில் எண்ணியபோது ஏழு, மாலையில் ஒன்பது. தாயார் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து எண்ணினார். அவருக்குப் பதினொன்று தெரிந்தது.