எஞ்சிய பயன்காலம்: ஒரு கலைச்சொல்லின் பொருளெல்லை

1. முன்னுரை

ஒரு பொறி இன்னும் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதைச் செயற்கை நரம்பணு வலைகளைக் கொண்டு முன்கணிக்கும் துறை வளர்ந்து வருகின்றது. அத்துறை நூல்களையும் பராமரிப்புக் கையேடுகளையும் தமிழாக்குவோர் முதலில் எதிர்கொள்ளும் கருத்து 'எஞ்சிய பயன்காலம்' என்பதாகும். பொன்முடி மலையடிவாரத்து வித்துரா போன்று தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் இடங்களில் இக்கருத்துக்குப் பெயரிடுவதில் தனிச் சிக்கல்கள் எழுகின்றன. அவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

2. வரையறை

இக்கருத்தை 'எஞ்சிய ஆயுள்' எனச் சுருக்குதல் பொருந்தாது. ஆயுள் முடிவது இறப்பில். பயன்காலம் முடிவது அதற்கு முன்னரே. சுழல்தண்டைத் தாங்கும் பேரிங் தேயத் தேய அதிர்வு மிகுகின்றது. அதிர்வு பாதுகாப்பு எல்லையைக் கடந்தவுடன், தண்டு இன்னும் சுழன்றுகொண்டிருப்பினும், பேரிங்கின் பயன்காலம் முடிந்ததாகவே கொள்ளப்படும். 'ஆயுள்' என்று பெயர்த்தால், உடையும்வரை ஓட்டலாம் எனத் தொழிலாளி பொருள்கொள்ள இடமுண்டு.

3. கணிக்கும் முறை

கணினிப் பாவனையால் உருவாக்கப்பட்டு 2008இல் நாசா வழங்கிய விமான எஞ்சின் தரவு இத்துறையில் பரவலாக ஆளப்படுகின்றது. அதன் முதல் தொகுதியில் 100 எஞ்சின்கள் பழுதுறும்வரையிலான பதிவுகள் உள்ளன. ஒவ்வொரு சுற்றுக்கும் 21 உணரிகளின் அளவீடுகள் தரப்பட்டுள்ளன. இங்குச் 'சுற்று' என்பது ஒரு பறப்பைக் குறிக்குமேயன்றி அச்சின் சுழற்சியைக் குறிக்காது.

வலைக்குத் தேய்மானத்தின் விதிகள் கற்பிக்கப்படுவதில்லை. அடுத்தடுத்த அளவீடுகளின் வரிசையும், அவ்வரிசைக்குப் பின் எஞ்சியிருந்த சுற்றுகளின் எண்ணிக்கையும் இணைத்துத் தரப்படுகின்றன. கணிப்புக்கும் உண்மைக்கும் இடையிலான வேறுபாடு குறையும் வகையில் வலையின் இணைப்பு எடைகள் திருத்தப்படுகின்றன. ஹோக்ரைட்டரும் ஷ்மிட்ஹூபரும் 1997இல் விளக்கிய, முன்வந்தவற்றை நினைவிற்கொள்ளும் வலை இதற்கு மிகுதியும் பயன்படுகின்றது. தொடரின் முற்பகுதி பிற்பகுதியின் பொருளை வரையறுப்பதை அறிந்த மொழியியலார்க்கு இவ்வமைப்பு புதிதன்று.

4. பிழையின் இரு திசைகள்

அவ்வகைத் தரவைக் கொண்டு 2008இல் நடந்த போட்டியின் மதிப்பீட்டு முறை கருதத்தக்கது. எஞ்சிய காலத்தை 20 சுற்றுகள் குறைத்துக் கணித்தால் தண்டப்புள்ளி ஏறத்தாழ 3.7, அதே 20 சுற்றுகள் மிகுத்துக் கணித்தால் ஏறத்தாழ 6.4. முன்னதாகப் பேரிங்கை மாற்றினால் பொருள் வீணாகும். தாமதித்தால் உயிருக்கே ஊறு நேரலாம். மொழிபெயர்ப்புப் பிழையும் இவ்வாறே எடைபோடத்தக்கது. காலத்தை நீட்டிக் காட்டும் 'ஆயுள்' என்னும் சொல் தாமதத்தின் பக்கம் சாய்வது.

5. 'காலாவதி'

மலையாளத்தில் 'காலாவதி' என்பது குறித்த கால அளவு. அக்காலம் 'கழிந்தது' என்று சொன்னால்தான் முடிவு குறிக்கப்படும். இன்றைய தமிழில் அச்சொல்லே முடிவைச் சுட்டுகின்றது. 'காலாவதியான மருந்து' என்பது காண்க. 'எந்திரத்தின் காலாவதி' என்னும் மலையாளத் தொடரை எழுத்துமாற்றி அமைத்தால், ஓடிக்கொண்டிருக்கும் எந்திரம் தமிழில் கழிக்கப்பட்டதாகிவிடும். 'ஆயுள்' தாமதத்திற்கும் 'காலாவதி' அவசரத்திற்கும் வழிவகுக்கின்றன.

6. முடிவுரை

பெயர்ச்சொல்லோடு வினைமுற்றும் கருதத்தக்கது. வலை தருவது ஒரு மதிப்பீடு. '120 சுற்றுகள் ஓடும்' என்னும் செய்யும் என் முற்று உறுதியாகவே கொள்ளப்படும். 'ஏறத்தாழ 100 முதல் 140 சுற்றுகள்வரை ஓடக்கூடும்' என்பதே மூலத்தின் ஐயத்தைக் காக்கும் தொடர். ஆயின் அவ்வீச்சு மூலத்தில் தரப்பட்டிருத்தல் வேண்டும், மொழிபெயர்ப்பாளர் புனைதல் கூடாது. 'எஞ்சிய', 'பயன்', 'காலம்' ஆகிய மூன்றில் எதனைக் கைவிட்டாலும் கருத்து சிதையும். ஆதலின் 'எஞ்சிய பயன்காலம்' என்னும் தொடரை முழுமையாக ஆளுதலே தக்கது எனலாம்.