உங்களுக்குத் தெரியுமா? பி.சி.ஜி. ஊசியும் தவறான நம்பிக்கைகளும்

காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பு மருந்தைத் தயாரிக்க, கிண்டியில் 1948-லேயே அரசு ஆய்வகம் தொடங்கப்பட்டது. பிறந்த குழந்தையின் இடது மேற்கையில் போடும் அந்த ஊசியைப் பற்றிய தவறான நம்பிக்கைகள் இன்னும் ஓயவில்லை.

■ "ஊசி போட்ட இடம் புண்ணாகிவிட்டது; மருந்து ஒத்துக்கொள்ளவில்லை."
தவறு. சில வாரங்களில் சிறு கட்டி எழும்பி, உடைந்து, தானே ஆறித் தழும்பாகும். வீரியம் குறைக்கப்பட்ட கிருமியை உடலின் எதிர்ப்புச் செல்கள் சூழ்ந்து, அடையாளம் கண்டுகொள்வதன் விளைவு இது. மஞ்சளோ களிம்போ பூசாதீர்கள். அக்குளில் நெறி கட்டினால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

■ "தழும்பு விழவில்லை, ஊசி பலிக்கவில்லை."
தவறு. சில குழந்தைகளுக்குத் தழும்பு விழுவதில்லை. அதற்காக மறுபடி ஊசி போட வேண்டியதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

■ "ஊசி போட்டாயிற்று, காசநோய் இனி வரவே வராது."
தவறு. மூளை உறையைத் தாக்கும் காசநோய், உடலெங்கும் பரவும் காசநோய் ஆகியவற்றிலிருந்து இது குழந்தைகளைக் காக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இது தடுக்கவில்லை என்பதை, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் தொடங்கிய பெரிய ஆய்வு காட்டியது. ஆகவே, இரண்டு வாரம் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசம்.