அவிழ்த்துக் கட்டும் மரம்

பாப்பிரெட்டிப்பட்டி மக்களாகிய நமக்குக் கடல் வெகு தொலைவு. வாணியாறு அணையின் நீர்ப்பரப்பையும் ஒகேனக்கல்லின் பரிசலையும் கண்டு பழகிய கண்கள் நம்முடையவை. 2003ஆம் ஆண்டில் நம் ஊர்க் குடும்பங்கள் சிலவற்றோடு வேளாங்கண்ணிக்குத் திருப்பயணம் சென்றபோது, கடற்கரையில் நாம் கண்ட காட்சியொன்று இன்றும் நினைவில் நிற்கின்றது.

மீன்பிடித்துத் திரும்பிய முதியவர் ஒருவரும் அவருடைய மகனும் தங்கள் கட்டுமரத்தைக் கரையேற்றி, அதன் கயிறுகளை அவிழ்த்தனர். சற்று முன்புவரை அலைமேல் மிதந்து வந்த கலம், தனித்தனி மரங்களாக மணலிற் கிடந்தது. நம்மோடு வந்த சிறுவன் திகைத்துப்போய், "ஏன் தாத்தா, நன்றாகத்தானே இருந்தது?" என்று கேட்டான்.

"தண்ணீர் குடித்த மரம் கனத்துப் போகும் தம்பி. வெயிலில் உலர்ந்தால்தான் நாளைக்கு நம்மைச் சுமக்கும்" என்றார் அவர்.

மறுநாள் விடியுமுன் அவர்கள் அதை மீண்டும் கட்டியதையும் கண்டோம். கட்டுமரத்துக்கு ஆவன மலைவேம்பு, முள்முருக்கு போன்ற இலேசான மரங்கள். மூன்று முதல் ஏழு வரை இருக்கும். ஒவ்வொரு மரத்துக்கும் உரிய இடம் உண்டு. இடம் மாறினால் பொருந்தாது. முன்னும் பின்னும் குறுக்குக் கட்டைகளை வைத்துத் தென்னங்கயிற்றால் இறுக்குகின்றனர். ஆணி ஒன்றுகூட இல்லை. மரங்களின் இடுக்கு வழியே ஏறும் நீர் அவ்வழியே இறங்கிவிடுவதால் இறைக்கவும் வேண்டியதில்லை. முக்கோணப் பாயை விரித்தால் காற்றே இழுத்துச் செல்லும்.

இப்பெயர் உலகெங்கும் சென்ற கதையும் அறியத்தக்கது. சோழமண்டலக் கரையில் இக்கலங்களைக் கண்ட ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர், 1697இல் வெளியான தம் பயண நூலில் இச்சொல்லைப் பதித்தார். பின்னாளில் மேல்நாட்டார் இரட்டை உடல் கொண்ட பாய்ப்படகையும் 'கேட்டமரான்' என்றே அழைத்தனர். 1876இல் நத்தானியேல் ஹெர்ரஷாப் என்னும் அமெரிக்கர் அமைத்த அத்தகைய படகு, நியூயார்க் போட்டியில் ஏனைய படகுகளை முந்தியது. ஆயினும் அந்த இரட்டை உடல் அமைப்பு பசிபிக் தீவினரின் மரபைச் சேர்ந்தது. பெயர் மட்டுமே நம்முடையது.

இன்றைய சிறு கேட்டமரானும் பகுதி பகுதியாகப் பிரித்து வைக்கக்கூடியதே. இரு உடல்களையும் மணலில் இணையாகக் கிடத்திக் குறுக்குச் சட்டங்களைப் பொருத்துவர். நடுவே உறுதியான துணியை விரித்துக் கயிறு கோத்து இறுக்குவர். பின்னர்ப் பாய்மரம், சுக்கான் என்று ஒவ்வொன்றாக ஏற்றுவர். ஒரு பக்கத்தை மட்டும் முற்ற இறுக்கிவிடலாகாது. சுற்றிலும் சிறிது சிறிதாக இறுக்கவேண்டும். இரும்பும் உலோகமும் மலிந்த காலத்திலும், ஜேம்ஸ் வாரம் என்ற ஆங்கிலேயர் தாம் வடிவமைத்த படகுகள் பலவற்றில் குறுக்குச் சட்டங்களைக் கயிற்றாலேயே கட்டச் செய்தார். விறைத்த இணைப்பு அலையின் அடியில் உடையக்கூடும். கயிறோ சற்றே நெகிழ்ந்து கொடுக்கும்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அக்கரையைத் தாக்கியது. நாகை மாவட்டம் அடைந்த துயரம் சொல்லி முடியாது. அந்த முதியவரும் மகனும் என்ன ஆயினர் என்பது நமக்குத் தெரியவில்லை. ஏற்கெனவே பரவத் தொடங்கியிருந்த கண்ணாடியிழைப் படகுகள் அதன்பின் விரைந்து பெருகின. மரத்தாலான கட்டுமரம் அரிதாயிற்று. விசைப்பொறி பூட்டிய படகு உழைப்பைக் குறைக்கின்றது; அதனைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. எனினும், நாள்தோறும் அவிழ்த்துக் கட்டிய வேளையில்தான் தந்தையின் கைப்பழக்கம் மகனுக்குச் சென்றது. அவிழ்க்க வேண்டாத படகில் அந்த வேளை இல்லாமற் போயிற்று.

அன்பிற்குரிய பெற்றோரே, அடுத்த முறை கடற்கரைக்குச் செல்லும்போது, கட்டுமரம் கட்டத் தெரிந்த பெரியவர் எவரையேனும் தேடிப் பிள்ளைகளை அவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அந்த முடிச்சைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைகளும் ஒருமுறை தம் கையாற் போட்டுப் பார்க்கட்டும்.