அசை பிரிந்தால் பொருள் மாறும்

மாணவர்களே, மலாயில் 'குலாய்' என்றால் குழம்பு. அதையே வினையாக்கி 'மெங்குலாய்' என்றால் குழம்பு வைத்தல். 'குலா' என்றால் சீனி. அதனுடன் 'இ' விகுதி சேர்ந்தால் அதுவும் வினைதான்: சீனி இடுதல். ரூமி எழுத்தில் இரண்டுக்கும் ஓர் எழுத்துகூட வேறுபாடில்லை. வாய்தான் காட்ட வேண்டும். முதலாவது மெங்-கு-லாய், மூன்று அசை. இரண்டாவது மெங்-கு-லா-இ, நான்கு. மீன் சட்டியருகே இதைத் தவறாகப் படித்தால் என்னவாகும் என்பதை நீங்களே யோசியுங்கள்!

இந்தச் சிக்கலுக்கு ஸ்பானிய மொழி ஒரு கோடு போட்டுத் தீர்வு கண்டிருக்கிறது. 'ஸா-ப்யா', இரண்டு அசை. அறிவாளிப் பெண் என்று பொருள். அதே எழுத்துகளில் 'இ'யின் தலையில் ஒரு சாய்கோடு போட்டால் 'ஸா-பீ-ஆ', மூன்று அசை. 'அறிந்திருந்தாள்' என்ற வினைமுற்று. கோடு விடுபட்டால் வினை பெயராகிவிடும். தேர்வில் மதிப்பெண்ணும் போய்விடும்.

ஏன் இப்படி? 'இ' என்று சொல்லும்போது நாக்கின் நடுப்பகுதி மேலண்ணத்தை நெருங்குகிறது. 'ய்' பிறப்பதும் ஏறக்குறைய அதே இடத்தில்தான். 'இ'க்கு அழுத்தம் இல்லாவிட்டால் அது சுருங்கி, 'ய்' ஆகி, அடுத்த உயிரோடு வழுக்கிச் சேர்ந்துகொள்கிறது. அழுத்தம் விழுந்தால் தனக்கென நேரம் எடுத்துத் தனி அசையாக நிற்கிறது. 'உ'வும் அப்படியே, இதழ் குவிவதால் அது 'வ்' பக்கம் சாயும்.

இது எங்கோ படித்ததுபோல் இருக்கிறதா? மணி + அடித்தான் = மணியடித்தான். பூ + அழகு = பூவழகு. மனப்பாடம் செய்த உடம்படுமெய்தான்! இகரத்துக்குப் பின் யகரம் வருவது யாரோ விதித்த கட்டளை அன்று. நாக்கு முன்பே அங்கே இருக்கிறது.

மலாயில் பொன்-தி-ஆன் என்று அசை பிரியும் ஊரை நாம் 'பொந்தியான்' என்று எழுதுவதும் இதனால்தான். உயிரும் உயிரும் நேராக மோதுவது தமிழுக்குப் பிடிக்காது. நடுவே யகரம் வந்துவிட்டது. கூடவே இன்னொரு மாற்றம்: மலாய்க்காரர் அதிர்வில்லாமல் ஒலிக்கும் தகரம், நம் வாயில் 'பந்து' என்பதில் வருவதுபோல் அதிர்கிறது. (யாப்பு கற்பவர்களுக்கு ஒன்று: அங்கே பொந்/தியான், நேர் நிரை, கூவிளம். காதுக்கு மூன்று, யாப்புக்கு இரண்டு. இரண்டு கணக்கையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

அடுத்த முறை பொந்தியான் மாவட்டத்தில், ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாய் முனைக்குப் போனால், பெயர்ப்பலகையை மெதுவாகப் படித்துக் கைதட்டி எண்ணுங்கள். பி-ஆய், இரண்டு தட்டு. பிறகு வேகமாகச் சொல்லிப் பாருங்கள்.