ஒளித்தோடுதல்: ஒரு சொல்லாராய்ச்சி

புதுக்கோட்டைச் சீமையில் திருமெய்யம் குடைவரையில் பள்ளிகொண்ட எம்பெருமானைச் சேவிப்பார், திருவனந்தாழ்வான் உமிழ்ந்த தழலையும் மது கைடபர்களையும் அப்பாறையிலேயே காண்பர். நாச்சிமாரைக் கவர வந்த அசுரர் தழலுக்கு ஆற்றாது ஓடினர். அவர்களுக்கு அஞ்சிய பெரியபிராட்டியார் திருமார்பிலும் பூமிப்பிராட்டியார் திருவடியிலும் ஒளிந்தனர் என்பது தலவரலாறு. ஓடுதலும் ஒளிதலும் அச்சத்தில் பிறப்பன. இரண்டும் கூடி 'ஒளித்தோடுதல்' என நிற்கும் வினையை அருளிச்செயலில் தலைமகள் செலவுக்கு ஏற்றலாமோ என்பது ஆராயத்தக்கது. திருத்தாயார் பாசுரங்களுக்குப் பொருள் சொல்லுமிடத்து 'பெண் ஓடிப்போய்விட்டாள்' என்பது இக்காலத்து உபந்யாஸங்களில் எளிதாகப் புகுந்துவிட்டது.

வடமொழியில் ஓட்டத்துக்குரிய சொல் 'பலாயதே'. 'பரா' என்னும் உபஸர்க்கம் செலவுப்பொருளதான 'அய' தாதுவோடு கூடுங்கால் ரேபம் லகாரமாகும் என்பது பாணினி விதி (8.2.19). அப்பாற் செல்லுதலே இதன் பொருள். மறைவு இதில் இல்லை. மூவுலகும் சுற்றிய காகாசுரன் ஓட்டம் இத்தகையதே. அவனுக்கு ஒளிய இடமும் கிடைத்திலது.

மறைவுக்குரியது 'நிலீயதே'. எவர் கண்ணிற் படலாகாதென்று ஒருவன் விரும்புகிறானோ, அவர் அபாதானமாய் ஐந்தாம் வேற்றுமை பெறுவர் (1.4.28). இதற்குக் காசிகை காட்டுவது உபாத்யாயரிடமிருந்து ஒளியும் மாணாக்கனை. பட்டோஜி தீக்ஷிதர் ஸித்தாந்த கௌமுதியில் காட்டுவதோ தாயிடமிருந்து ஒளியும் கண்ணனை. இலக்கணம் எழுதுமிடத்தும் அவருக்கு வெண்ணெய் மணத்தது போலும். இனி, 'லீ' தாதுவின் பொருள் ஒட்டுதல். ஒளிபவர் தூணையோ இருளையோ ஒட்டியே ஒளிவர். திருமெய்யத்தில் பிராட்டிமார் ஒட்டியது எம்பெருமான் திருமேனியை. ஆதலால் அவ்வொளிதல் தஞ்சம் புகுதலாயிற்று.

திருப்பாவை இருபத்தைந்தாம் பாட்டில் கண்ணன் வளர்ந்தமைக்கு 'ஒளித்து' என்னும் எச்சம் அடையாகிறது. அங்கே அபாதானம் கம்ஸன். ஆயினும் அச்சம் பெற்றவர்களுடையது, பிள்ளையினுடையதன்று. எங்கும் நிறைந்தவன் தேவகியார் வேண்ட நாற்றோளை மறைத்ததும், ஓரிரவில் இடம் மாறியதும் அடியார்க்கு வசப்பட்ட ஸௌலப்யம்.

தலைமகள் செலவைத் தொல்காப்பியம் 'கொண்டுதலைக்கழிதல்' என்னும். பின்னையோர் 'உடன்போக்கு' என்பர். கழிதலும் போக்கும் உண்டேயன்றி இவற்றில் ஓட்டம் இல்லை. பெரியாழ்வார் திருமொழி 3.8, பெரிய திருமொழி 3.7, திருவாய்மொழி 6.7 ஆகிய பதிகங்களில் திருத்தாயார் நினைவெல்லாம் மகள் சென்று சேரும் ஊரிலே: ஆய்ப்பாடி, திருவாலி, திருக்கோளூர். எவரிடமிருந்து என்னும் ஐந்தாம் வேற்றுமைக்கு அங்கே இடமில்லை. எவ்வூர்க்கு என்னும் நான்காவதே நிற்கிறது. திருக்கண்ணபுரப் பதிகத்து (8.2) மகளோ திருமெய்யத்தை வாய்விட்டு வினவியிருக்கிறாள். ஒளித்தோட நினைப்பார் ஊர் வினவுவாரல்லர்.

திருக்கோளூர்க்குத் தலைமகள் தனியே செல்கிறாள், தாயிடம் சொல்லிற்றுமிலள். அது ஒளித்தலாகாதோ எனின், ஆகாது. காணப்படாமையை விரும்ப வேண்டும் என்பது சூத்திரம். இவள் தாயை மறந்தாளேயன்றித் தாய்க்கு மறைய விரும்பினாளல்லள். தோழி நிலைக்கு ஸம்பந்த ஞானமும், தாய் நிலைக்கு உபாய அத்யவஸாயமும், மகள் நிலைக்கு ப்ராப்ய த்வரையும் ஆசார்யஹ்ருதயம் வகுத்தவை. த்வரையைப் பிறப்பிப்பது முன்னே நிற்கும் பேறு; ஓட்டத்தைப் பிறப்பிப்பது பின்னே வரும் பயம். 'ஓடிப்போனாள்' என்று சொன்ன மாத்திரத்தில் ஆழ்வாருடைய த்வரை பயமாய் மாறிவிடும்.

ஸ்ரீவிபீஷணாழ்வான் இலங்கையை விட்டதும் பலாயனமன்று. ராவணனுக்கு முகத்துக்கு நேரே சொல்லிப் புறப்பட்டார். நால்வரோடு வானில் நின்று, தாம் ராவணன் தம்பி என்பதை உரக்கச் சொன்னார். சுக்ரீவ மஹாராஜர் அவரை வேவுக்கு வந்தவரென்று ஐயுற்றார். பெருமாள் அதைக் கொள்ளவில்லை.