கொதிகலத் தகடு

காவிரி பாயும் தஞ்சைத் தரணியில் அறுவடை முடிந்ததும் அரிசியாலைகளின் புகைபோக்கிகள் உயிர்பெறுகின்றன. ஊறவைத்த நெல்லை அவித்துப் புழுங்கலரிசி ஆக்குவதற்கு நீராவி வேண்டும். அதனை அளிப்பது, பெரும்பாலும் உமியை எரித்து நீரைக் காய்ச்சும் கொதிகலன். ஆலையாட்கள் இதனைப் 'பாய்லர்' என்பர். நெல், தன் உமியாலேயே தன்னை வேகவைத்துக்கொள்கிறது!

மூடிய கலத்துள் அடைபட்ட ஆவி, சுவரை எல்லாப் பக்கமும் நெருக்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோகிராம் அழுத்தம் என்று கொள்வோம். கேட்பதற்குச் சிறிதாகவே தோன்றும். ஆனால் ஒரு சதுர மீட்டர்ச் சுவரின்மேல் அது 100 டன் ஆகிறது. 4 டன் எடையுள்ள யானைகள் 25 ஒருங்கே ஏறி நிற்பதற்கு ஒப்பாகும். 1905-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள், அமெரிக்காவின் பிராக்டன் நகரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் கொதிகலன் வெடித்து 58 பேர் மாண்டனர். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்த பிளவே அதற்குக் காரணமென்பர். நம் நாட்டில் 1923-இல் கொதிகலச் சட்டம் இயற்றப்பட்டது. 2025-இல் அதனிடத்தில் புதிய சட்டம் வந்தது.

ஆகவே இத்தகட்டைச் செய்வோரின் கவலையெல்லாம் மறைந்திருக்கும் குறைகளைப் பற்றியதே. உருகிய எஃகில் ஆக்சிஜன் தங்கினால், எஃகு இறுகும்போது அது கரியுடன் கூடி வளியாகி, ஆப்பத்தில் காணும் துளைகளைப் போன்ற துளைகளை உண்டாக்கும். சிலிக்கனும் அலுமினியமும் சேர்த்து அதனை அடக்குவர். கந்தகம் மற்றொரு பகை. மாங்கனீசுடன் அது கூடிய துணுக்குகள், தகட்டை உருட்டும்போது தாமும் நீண்டு தட்டையாகி, உலோகத்தைச் சுவடியின் ஏடுகள்போல் பிரியச் செய்யும். ஹைட்ரஜனோ உடனே தீங்கு செய்வதில்லை. சில நாள் கழித்து மயிரிழைப் பிளவுகளைத் தோற்றுவிக்கும். ஆதலால் உருகிய எஃகை வெற்றிடத்தில் வைத்து அவ்வளியை வாங்கிவிடுகின்றனர்.

பின்னர் எஃகைக் கனத்த பாளமாக வார்த்து, ஏறத்தாழ 1,200 பாகை செல்சியசுக்குக் காய்ச்சி, உருளைகளிடையே முன்னும் பின்னும் செலுத்தித் தகடாக்குவர். மீண்டும் 900 பாகையளவில் சூடாக்கிக் காற்றில் ஆறவிட்டால், உலோகத்தின் மணிகள் நுண்மையாகி ஒருசீராகும். வன்மை மட்டும் இருந்தால் போதாது, கண்ணாடியும் வன்மையுடையதே. அடிபட்டாலும் நொறுங்காமல் வளைந்துகொடுக்கும் தன்மையும் வேண்டும். எனவே வெட்டிய துண்டுகளை இழுத்தும் வளைத்தும் அடித்தும் பார்ப்பர். செவிக்கு எட்டாத ஒலியலைகளைச் செலுத்தி, எதிரொலியைக்கொண்டு உட்பிளவை அறிவர். ஐ.எஸ். 2002 என்னும் இந்தியத் தரவிதி இத்தகடுகளுக்கென்றே வகுக்கப்பட்டது.

ஒடிசாவின் ரூர்கேலா ஆலையில் இத்தகைய தகடுகள் உருட்டப்படுகின்றன. தஞ்சையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் வழியில், திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனம் இருக்கிறது. அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் துணையுடன் 1960-களில் எழுந்தது அது. அங்கே தகடுகளை வளைத்துப் பற்றவைத்து, மின்நிலையங்களுக்குரிய பெருங்கொதிகலன்களை அமைக்கின்றனர். இவற்றின் முன் அரிசியாலைக் கொதிகலன் ஒரு சிறு குடமே.

கொதிகலன் சிறிதாயினும் பெரிதாயினும், முடிந்தபின் அதில் நீரை நிரப்பி, அது தாங்கவேண்டியதினும் மிகுதியாக அழுத்திப் பார்ப்பது வழக்கம். காற்றை நிரப்பாமல் நீரை நிரப்புவது ஏன்? நீர் அழுத்தத்தால் மிகச் சிறிதே சுருங்கும். ஆதலால் கலம் பிளந்தாலும் நீர் பீறிட்டு ஒழியுமேயன்றிக் காற்றைப்போல் விரிந்து வெடிப்பதில்லை.