மூச்சு முட்டாமல் வரும் மயக்கம்

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். பார்களில் முத்துச்சிப்பி அருகிப்போன பிறகும் சங்கு குளிக்கும் தொழில் திரேஸ்புரம் பக்கம் நிற்கவில்லை. மூச்சடக்கி முங்கியவருக்கு மேலே வரவேண்டும் என்று எதனால் தோன்றுகிறது? ஆக்சிஜன் தீர்வதால் என்று மருத்துவ மாணவர்கள்கூடச் சட்டென்று சொல்லிவிடுவார்கள். உண்மையில் மூச்சை முட்ட வைப்பது பெரும்பாலும் கரியமில வாயுதான். ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905லேயே இதற்குச் சான்று காட்டினார்கள். தமனி ரத்தத்தில் அந்த வாயுவின் அழுத்தம் சாதாரணமாக 40 மி.மீ. அது ஏற ஏற, மூளையைச் சூழ்ந்த திரவத்தில் அமிலத்தன்மை கூடுகிறது. முகுளத்தில் உள்ள உணர்வணுக்கள் அதைக் கண்டுகொண்டு, உதரவிதானத்துக்குப் போகும் நரம்பை முடுக்குகின்றன. 50ஐத் தாண்டினால் நெஞ்சு தானாகவே இழுக்கத் தொடங்கும், அடக்குவது கடினம். ஆக, உடல் நமக்குத் தரும் எச்சரிக்கை ஒரு வாயுவைப் பற்றியது, நம்மைக் கொல்லும் பற்றாக்குறை வேறொரு வாயுவைப் பற்றியது. மூச்சடக்கி முங்குவதில் உள்ள ஆபத்தின் வேர் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

முங்குவதற்கு முன் பலமுறை வேகமாக, ஆழமாக மூச்சிழுத்து விட்டால் அதிக நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்ற நம்பிக்கை உலகெங்கும் உண்டு. தாக்குப்பிடிக்கலாம் என்பது உண்மை, காரணம்தான் வேறு. சென்ற வாரம் பார்த்தபடி, சும்மா இருக்கும்போதே ஹீமோகுளோபினில் 97, 98 சதவீதம் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது. மேற்கொண்டு மூச்சிழுப்பது நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். நுரையீரலில் கொஞ்சம் கூடும், அவ்வளவே. ஆனால் கரியமில வாயு 40இலிருந்து 20 வரைகூட இறங்கிவிடும். அது மறுபடி 50ஐ எட்டுவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்துவிடலாம். ஆழம் இந்த ஏமாற்றத்தை இன்னும் மறைக்கிறது. 15 மீட்டரில் அழுத்தம் மேலே உள்ளதைப் போல இரண்டரை மடங்கு. அங்கே நுரையீரலில் ஆக்சிஜன் 75 மி.மீ. இருந்தால் குளிப்பவர் தெளிவாகவே இருப்பார், இன்னும் ரெண்டு சங்கு எடுக்கலாம் என்றுகூட நினைப்பார். அதே காற்று, மேலே வரும்போது விரிந்து 30க்கு இறங்கும். ஏறக்குறைய 30இல் நினைவு தப்பிவிடும். அதனால்தான் இந்த மயக்கம் கடலடியில் வருவதைவிட, வெளிச்சம் தெரியும் கடைசிச் சில மீட்டர்களில் அதிகம் வருகிறது.

கழுத்துத் தமனியில் ஆக்சிஜனை அளக்கும் கரோட்டிட் உறுப்பு இருக்கிறதே, அதன் வேலைக்காக ஹேமான்ஸுக்கு 1938இல் நோபல் பரிசே கிடைத்ததே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த உறுப்பு ஒன்பதாம் மூளை நரம்பு வழியாகச் செய்தி அனுப்பத்தான் செய்கிறது. ஆனால் ஆக்சிஜன் 60க்குக் கீழே வந்த பிறகே அதன் குரல் பலமாக எழும். கரியமில வாயு குறைவாக இருக்கும்போது அந்தக் குரலும் அமுங்கிவிடும். மேலே சொன்ன கணக்கில், 75இலிருந்து 30க்கு வருவதற்கு ஆகும் நேரம் சில நொடிகள்தான். தலைமுறை தலைமுறையாகக் குளித்தவர்களின் உடல்வாகே வேறு என்பது இன்னொரு மறுப்பு. இந்தோனேசியாவின் பஜாவ் மக்களின் மண்ணீரல் பக்கத்து ஊர்க்காரர்களுடையதைவிடப் பாதியளவு கூடுதலாகப் பெரியது என்று 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறது. முங்கும்போது அது சுருங்கிச் சிவப்பணுக்களை ரத்தத்தில் சேர்க்கிறது. முகத்தில் நீர் பட்டதும் வேகஸ் நரம்பு இதயத்தை நிதானப்படுத்துவது எல்லோருக்கும் உள்ளது. இவையெல்லாம் கையிருப்பைக் கூட்டும், செலவைக் குறைக்கும். எச்சரிக்கை மணி ஒன்றைப் புதிதாகப் பொருத்திவிடாது. தேர்ந்தவர்களுக்குக் கரியமில வாயு பழகிப்போவதால் இருக்கும் மணியும் தாமதமாகத்தான் அடிக்கும்.

பழைய முத்துக்குளிப்பு முறையை இந்தக் கண்ணோடு பார்த்தால் அதன் அருமை புரியும். கல் கட்டிய கயிற்றில் கால் வைத்துக் குளிப்பவர் இறங்குவார், தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். மைத்துனர்தான் பிடிக்க வேண்டும் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். கல்லே இறக்கிவிடும், தோணியில் இருப்பவர் மேலே இழுத்துவிடுவார். தொடைத் தசைகள் ஆக்சிஜனை எரிக்க வேண்டியதில்லை. அடியில் இருப்பதும் ஏறக்குறைய ஒரு நிமிடம். குளிப்பவரின் ரத்தம் சொல்லத் தவறுவதை நேரம் பார்த்து முடிவு செய்ய மேலே ஒரு தெளிந்த மூளை இருந்தது.

இப்போது கம்ப்ரஸர் குழாயோடுதானே இறங்குகிறார்கள், மூச்சடக்கும் பேச்சே எதற்கு என்பார்கள். எஞ்சின் புகை போகும் பக்கத்தில் கம்ப்ரஸர் காற்று இழுத்தால் கார்பன் மோனாக்சைடும் குழாயில் இறங்கும். ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். ரத்தம் சுமக்கும் ஆக்சிஜனின் அளவு குறைகிறது, அழுத்தம் குறைவதில்லை. கரோட்டிட் உறுப்பு அளப்பதோ அழுத்தத்தை. கரியமில வாயுவும் வழக்கம்போல வெளியேறிக்கொண்டிருக்கும். எனவே முகுளமும் கழுத்தும் ஒருசேரச் சும்மா இருக்க, மூச்சு முட்டாமலே அவர் மயங்குவார். கம்ப்ரஸர் வைத்த படகுக்கும் எஞ்சின் புகையைவிட்டு விலகிய காற்றுவாயும், கயிறு பிடிக்கும் ஆளும் வேண்டும். அதே குழாயில் போகும் நைட்ரஜன் மூட்டுகளிலும் தண்டுவடத்திலும் செய்வதை அடுத்த வாரம் பார்க்கலாம்.